வைகைக் கரையை மறுபடியும் ஊராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். வைகைக் கரையை வெறும் சாலையும் சுவருமாக விட்டுவிடாமல், மக்கள் குடியிருக்கிற, வியாபாரம் நடக்கிற, சாயங்காலம் நாலு பேர் வந்து உட்காருகிற ஊராக மாற்ற வேண்டும் என்று எங்கள் பகுதியில் சில வருடங்களாகப் பேசிவருகிறோம். டீக்கடையிலும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

நகரத்துக்குள் ஓடும் வைகையின் இரண்டு கரைகளையும். தென்கரையில் ஆரப்பாளையம், சிம்மக்கல், யானைக்கல், ஓபுளா படித்துறை, முனிச்சாலைப் பக்கம். வடகரையில் செல்லூர், கோரிப்பாளையம், ஆழ்வார்புரம், மதிச்சியம், அண்ணா நகர், வண்டியூர். 2016இல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பகுதியில் கரையோரச் சாலை, தடுப்புச் சுவர், பூங்கா என்று பல வேலைகள் நடந்திருக்கின்றன. அதற்கு மேல் இனி என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஆற்றில் தண்ணீரே இல்லையே, கரையை மட்டும் சரிசெய்து என்ன பயன்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வைகை வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களுக்கும் பங்கு கொடுத்துவிட்டு, சுமார் 258 கிலோமீட்டர் நடந்து போகிற ஆறு இது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்ததால் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரும் நமக்குக் கிடைத்தது. 1959இல் ஆண்டிபட்டி பக்கத்தில் வைகை அணை திறக்கப்பட்டது. அதன்பின் நகரத்துக்குள் தண்ணீர் எப்போது வரும் என்பதை மழையோடு சேர்ந்து அணையின் மதகும் முடிவு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். சித்திரையில் அழகருக்காகத் திறந்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலும் புல்லும்தான்.

அதனால் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போடுகிற திட்டம் மதுரைக்குப் பொருந்தாது. தண்ணீர் வந்தாலும் அழகு, வராவிட்டாலும் பயன் என்கிற கரைதான் நமக்கு வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது ஆறு வறண்டிருக்கும் மாதங்களில்தான் ஆற்றுக்குள் கூட்டம் அதிகம். மணலில் ஊற்றுத் தோண்டி அப்பத்தா குடத்தில் தண்ணீர் மொண்டு வரும். நாங்கள் அந்திவரை விளையாடுவோம். சலவைத் தொழிலாளர்கள் துணி உலர்த்துவார்கள், ஆடு மேயும், எருமை படுத்துக் கிடக்கும். தண்ணீர் இல்லாத ஆறும் ஊரின் முற்றமாக இருந்தது. அந்த முற்றம் சாக்கடையாக மாறியபோதுதான் நாங்கள் உள்ளே இறங்குவதை நிறுத்தினோம்.

அப்படியானால் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

சாக்கடையை ஆற்றிலிருந்து பிரிக்க வேண்டும். பெஞ்சு, விளக்கு, செல்ஃபி எடுக்கும் பலகை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

வடகரையில் செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுவர இருப்பது பந்தல்குடி வாய்க்கால். மழைத் தண்ணீருக்காக வெட்டிய வாய்க்கால் அது. இன்றைக்குச் சுற்றியுள்ள தெருக்களின் கழிவுநீரும் குப்பையும் அதில்தான் விழுகின்றன. இரண்டு கரையிலும் இதுபோல் பல சிறு வாய்க்கால்கள் ஆற்றுக்குள் திறக்கின்றன. நகரத்துக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடைக் குழாயில் ஏறி, பம்பிங் ஸ்டேஷன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவற்றால் பயன். இணைப்பு இல்லாத தெருவின் கழிவு, பள்ளமாக எது கிடைக்கிறதோ அந்த வழியில் போகும். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் ஆறு.

ஆல்பர்ட் விக்டர் (ஏ.வி.) பாலத்துப் பக்கமும் ஓபுளா படித்துறைப் பக்கமும் தடுப்பணைகள் கட்டினார்கள். நிலத்தடி நீர் ஏறட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். சாக்கடை வந்துகொண்டே இருக்கும்போது தடுப்பணை அதையும் சேர்த்துத்தான் தேக்கும். தேங்கிய கழிவுநீரில் ஆகாயத்தாமரை படரும், அதற்கடியில் கொசு பெருகும். நாங்கள் கண்ணால் பார்த்தது இது. ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து அள்ளினால் கொஞ்ச நாளில் மறுபடி வருகிறது, ஏனென்றால் அதற்கு உணவு அந்தக் கழிவுதான்.

ஆகவே ஒரு திட்டம் உங்கள் முன்னால் வந்தால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இந்த நீளத்தில் ஆற்றில் விழும் வாய்க்கால்கள் எத்தனை, ஒவ்வொன்றின் கழிவும் எந்தக் குழாயில், எப்போது சேரும்?

ஏற்கெனவே சுவரும் சாலையும் போட்டாயிற்றே, அது போதாதா?

போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கரையோரச் சாலையால் பயன் உண்டு, மறுக்கவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்காமல் பலர் அந்த வழியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சாலையில் வண்டிகள் போகும் வேகத்தைப் பாருங்கள். குறுக்கே கடக்க வழி இல்லை. கடந்தாலும் அந்தப் பக்கம் சுவர். எட்டிப் பார்க்கலாம், இறங்க முடியாது. என் அம்மா எழுபது வயது வரைக்கும் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் கால் நனைத்தவர். சாலை வந்த பிறகு, கடப்பதற்குப் பயந்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். ஆற்றுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது நூறு அடிதான்.

ஆற்றங்கரை உயிரோடு இருக்க வேண்டுமானால், ஜனங்களுக்கு அங்கே போக தினமும் ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும். காய் வாங்க, கோயிலுக்குப் போக, பிள்ளையை விளையாட விட, காற்று வாங்க, வேலை முடிந்து ஒரு பருத்திப்பால் குடிக்க. போகிற வழியும் நடந்து போகும்படியாக இருக்க வேண்டும். இதற்கு நம்மிடம் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது: படித்துறை. சங்கப் பாடல்கள் வையைக் கரையில் மருத மரங்கள் நின்ற 'திருமருத முன்துறை' என்ற துறையைப் பற்றிப் பேசுகின்றன. ஓபுளா படித்துறை என்று இன்றைக்கும் பஸ்ஸில் சொல்லி இறங்குகிறோம். அந்தப் பெயரில் இருக்கிற படியை யாராவது இப்போது பார்க்கிறோமா?

படித்துறை எவ்வளவு புத்திசாலித்தனமான கட்டுமானம் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஏறினால் படிப்படியாக ஏறும், வடிந்தால் வடிந்த அளவுக்கு இடம் திரும்பக் கிடைக்கும். உட்காரவும் அதுதான், இறங்கவும் அதுதான், கரை அரிக்காமல் காப்பதும் அதுதான். நேர் செங்குத்துச் சுவர் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் செய்யும்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையும் பாருங்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் என்றும், அங்கே தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் சொல்வார்கள். பல வருடம் வறண்டு கிடந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடம் அது. பனையூர் வாய்க்காலைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை விட்ட பிறகு, இப்போது சாயங்காலம் போனால் உட்கார இடம் கிடைப்பதில்லை. உட்கார வசதியான குட்டைச் சுவர், நாலு பக்கமும் தெரு, தெருவைப் பார்த்த வீடுகள், மாரியம்மன் கோயில், கல்லூரி, வண்டிக் கடைகள். இவ்வளவுதான் அதன் ரகசியம். மதுரைக்காரர்களுக்கு நீர்க்கரையில் உட்காரச் சொல்லித்தர வேண்டியதில்லை, இடம் கொடுத்தால் போதும்.

சுவரை இடிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. சுவர் இருக்கட்டும். ஒவ்வொரு தெரு முனையிலும் அதில் ஒரு வாசல், வாசலில் இருந்து ஆற்றுக்கு அகலமான படி, பக்கத்தில் சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரு சரிவுப் பாதை. வெள்ள எச்சரிக்கை வந்தால் வாசலை இரும்புப் பலகை போட்டு அடைத்துவிடலாம். வாசல் நேரே வருகிற இடத்தில் சாலையை நடைபாதை உயரத்துக்குத் தூக்கினால் வண்டி தானாக மெதுவாகும்.

வெள்ளம் வந்தால் இதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடாதா?

1993 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நானும் பார்த்தவன்.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொடும்போது கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையிலிருந்து திறந்த தண்ணீர் மதுரைக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் ஆற்றுக்குள் இருப்பவர்கள் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசத்தை நம்பித்தான் எதை எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஆற்று மணலில் நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது. விளையாட்டு, சந்தை, மேய்ச்சல் எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவையாக இருக்கட்டும். படிகளின் நடுத்தட்டில் கல் இருக்கை, மரம். மின்சாரப் பெட்டி, கழிவறை, கடை எல்லாம் கரையின் மேல் தட்டில்.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 அக்டோபரில் செல்லூர் தண்ணீரில் மிதந்ததே, அந்தத் தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை. மேலே பெய்த மழையில் கண்மாய் நிரம்பி, வாய்க்கால் தாங்காமல், தெருவுக்குள் புகுந்தது. ஆற்றுக்குள் இடம் இருந்தும் ஊர்த் தண்ணீர் அங்கே போய்ச் சேர முடியவில்லை. ஆற்று வெள்ளத்தைத் தடுக்கிற சுவர், ஊர் மழைத் தண்ணீரை வடியவிடுவதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். வாய்க்கால் திறக்கும் இடத்தில் போதிய அகலமும், ஆறு ஏறினால் பின்னோக்கி வராதபடி தானாக மூடிக்கொள்ளும் மதகும் வேண்டும். கரையில் பூங்கா கட்டுவதைவிட இது முக்கியமான வேலை. திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதால் தள்ளிப்போகிறதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சபர்மதி போல ஆற்றைக் குறுக்கி நிலம் எடுக்கலாமே?

அகமதாபாத்தில் 2005இல் வேலை தொடங்கி, சபர்மதியின் இரு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பி, ஆற்றின் அகலத்தை ஒரே சீராக 263 மீட்டர் ஆக்கினார்கள். கிடைத்த நிலத்தில் பூங்கா, சாலை, நடைபாதை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கிற தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது. சியோல் நகரத்தில் மேம்பாலத்தை இடித்துவிட்டு 2005இல் திறந்த சோங்கேசோன் ஓடையிலும் தண்ணீரைப் பம்பு வைத்துத்தான் ஓடவிடுகிறார்கள். நமக்குக் கொண்டுவர இன்னொரு ஆறு கிடையாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்குத் தேனியிலிருந்து மேலூர் வரை வயல்கள் காத்திருக்கின்றன, விரகனூர் மதகணைக்குக் கீழே சிவகங்கையும் ராமநாதபுரமும் காத்திருக்கின்றன. கரை அழகுக்காக அவர்கள் பங்கில் கை வைக்கக் கூடாது.

அகலத்தைக் குறுக்கினால் வெள்ள காலத்தில் தண்ணீர் உயரும், வேகமும் கூடும். ஆற்றின் இடம் ஆற்றுக்கே இருக்கட்டும்.

கரையில் குடியிருப்பவர்களை எல்லாம் வெளியேற்றிவிடுவார்களா?

பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. மழுப்பாமல் சொல்கிறேன்.

நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குப் பட்டா கிடைக்காது. ஆற்றுப் புறம்போக்குக்கு 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டமும், கண்மாய்களுக்கு 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. தண்ணீர் ஓடும் இடத்துக்குள்ளேயே இருக்கும் வீடுகள் ஆபத்தில்தான் இருக்கின்றன. ராத்திரி தண்ணீர் வந்தால் முதலில் போவது அந்த வீட்டுக் குழந்தைகள். அவர்கள் மாற வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

எங்கே மாற்றுவது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. ஆற்றோரம் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பிழைக்கிறார்கள். யானைக்கல்லில் பழத்தார் இறக்குபவர், சிம்மக்கல்லில் பூ கட்டுபவர், பக்கத்துத் தெருக்களில் வீட்டுவேலை செய்யும் அக்காக்கள், துணி வெளுப்பவர்கள். இவர்களை ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நாலு மாடிக் குடியிருப்பில் விட்டால், வீடு கிடைத்து வேலை போய்விடும். விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டியவருக்கு அங்கிருந்து எந்த பஸ்? கொஞ்ச நாளில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வேறொரு வாய்க்கால் ஓரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

சபர்மதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. பலர் பிழைப்பு இருந்த இடத்திலிருந்து வெகுதூரம் போனார்கள். அந்தத் தவறை மதுரை செய்ய வேண்டாம். கரையிலிருந்து நடக்கும் தூரத்தில், பயன்படுத்தாத அரசு நிலத்திலோ பழைய அரசுக் குடியிருப்புகளை உயர்த்திக் கட்டியோ வீடு கொடுக்கட்டும். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு பழைய வீட்டைத் தொடட்டும். வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்கட்டும். கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் விடுபட்டால் அப்புறம் அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை.

தெருவோரக் கடைகளை என்ன செய்வார்கள்?

விட்டுவைக்க வேண்டும், அதோடு நல்ல இடமும் கொடுக்க வேண்டும். கரைக்கு ஆட்களைக் கொண்டுவருவதே அவர்கள்தான்.

வைகைக் கரை போட்ட கதையிலேயே புட்டு விற்ற ஒரு கிழவி இருக்கிறாள். வெள்ளத்தில் உடைந்த கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை போட்டான். ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டை வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமந்து, பிரம்படியும் பட்டார். ஒவ்வொரு ஆவணி மூலத்துக்கும் ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்பில் இந்தத் திருவிழாவை நடத்துகிற ஊர் நாம். புட்டு விற்பவளுக்கும் கரையில் பங்கு உண்டு என்பதை நாம் வேறு எங்கேயும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2014ஆம் வருடத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்துக் காக்கவும் அதில் இடம் இருக்கிறது. யானைக்கல், சிம்மக்கல் வட்டாரத்தில் பாட்டி காலத்திலிருந்து கடை போடுபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சபர்மதியிலேயே ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. கரையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் குஜரி பஜார் பல நூற்றாண்டுப் பழமையானது. வியாபாரிகள் விடாமல் போராடினார்கள். கடைசியில் 2014இல் அதே ஆற்றங்கரையில் மேடையும் மரநிழலும் வைத்துப் புது இடம் கொடுத்தார்கள். சிங்கப்பூர் 1977இல் தொடங்கிப் பத்து வருடத்தில் தன் ஆற்றைச் சுத்தம் செய்தபோது, ஆற்றில் கழிவு கொட்டிய தெருக்கடைகளைத் துரத்திவிட்டுப் போகவில்லை. தண்ணீரும் சாக்கடை இணைப்பும் உள்ள கூடங்களுக்கு மாற்றியது. நாங்கள் கேட்பதும் அதுதான்: குடிதண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, விளக்கு, குப்பைத் தொட்டி, ஒரு கழிவறை. இட்லிக் கடைக்காரரும் கறிதோசைக் கடைக்காரரும் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுடச்சுடச் சாப்பாடு கிடைப்பதால்தானே நம்மைத் தூங்கா நகரம் என்கிறார்கள்.

இடம் நன்றாகிவிட்டால் வாடகை ஏறிவிடாதா?

ஏறும். எங்கள் தெருவில் சாலை வந்தபோதே ஏறியது. முழுதாகத் தடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அதன் அடியைக் குறைக்கலாம். கரையில் உள்ள பொது நிலத்தை விற்கவே கூடாது, குத்தகைக்கு மட்டும் விட வேண்டும். ஒரே பெரிய ஆளுக்கு மொத்தமாக விடாமல், பத்துக்குப் பத்து அடிக் கடைகளாகப் பிரித்து விட வேண்டும். செல்லூரில் தறி ஓடிய சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. நெசவாளிக்கும் தையல்காரருக்கும் சைக்கிள் கடைக்கும் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு பங்கு கடைகளைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். மேலே வீடு, கீழே கடை என்கிற நம் பழைய வழக்கம் திரும்பினால் வாடகைக்கு வீடுகளும் கூடும்.

பெண்கள் தனியாகப் போக முடியுமா?

இன்றைக்கு ஏழு மணிக்கு மேல் என் மகளை அந்தச் சாலையில் தனியாக நடக்கவிட எனக்கு மனம் வராது. விளக்கு இருக்கிறது, ஆள் இல்லை. கேமராவைவிட ஜன்னல் பயன் தரும். வீடுகளும் கடைகளும் ஆற்றைப் பார்த்துத் திறந்திருந்தால் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இப்போது பல வீடுகள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலையே அடைத்தவர்கள் உண்டு. சாக்கடை போனால் ஜன்னல் திறக்கும். பூவும் வளையலும் விற்கும் பெண்கள் கரையில் இருந்தால் வாங்க வரும் பெண்களும் இருப்பார்கள். அப்புறம் சுத்தமான, பூட்டாத கழிவறை. இது இல்லாத இடத்தில் பெண்கள் அரைமணி நேரத்துக்கு மேல் தங்க மாட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு இடைஞ்சல் வராதா?

வைகைக் கரையில் எதைக் கட்டினாலும் இந்தக் கேள்வியில் தேற வேண்டும். வருடத்தில் ஒரு நாள் லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே இடத்தில் இறங்கும் ஆறு இது. அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் வரும் வழியெல்லாம் மண்டகப்படி, தல்லாகுளத்தில் எதிர்சேவை, விடிகாலையில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கி, ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி, பிறகு வண்டியூர். தோப்பரை என்கிற தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்களும் முடியிறக்குபவர்களும் குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் அப்பாக்களும் ஒரே கரையில் நிற்பார்கள்.

2022இல் அழகர் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டு வரைபடம் போடக் கூடாது. சுவரில் வாசல் குறைவாக இருந்தால் கூட்டம் ஒரே வழியில் நெருக்கும். பல இடங்களில் அகலமான படி இருந்தால் கூட்டம் பரவும். படிக்கட்டே பார்வையாளர் மேடையாகவும் ஆகும். ஆழ்வார்புரத்திலிருந்து ஏ.வி. பாலம் வரை நிரந்தரப் புல்வெளி, நீரூற்று, சிலை எதுவும் வேண்டாம். வெறும் தரையாக, காலுக்குத் தடுக்காமல் இருக்கட்டும். நாலு சக்கரத் தள்ளுவண்டியும் ஆம்புலன்ஸும் இறங்கும்படி இரண்டு பக்கமும் சரிவுப் பாதை வேண்டும். ஆற்றின் நடுவில் நிற்கும் மைய மண்டபத்தையும் இந்தச் சாக்கில் பழுதுபார்த்தால் நல்லது.

என்ன மரம் வைக்கலாம்?

நீர்மருது, புங்கை, நாவல், இலுப்பை. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். பனை நீளவாக்கில் கரை முழுக்க நின்றால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அலங்காரப் பாம் மரம் வேண்டாம், அதன் நிழலில் ஒரு கோழிகூட ஒதுங்க முடியாது.

வண்டி எங்கே நிறுத்துவது?

கரையில் இல்லை. உள்ளே தள்ளி, ஐந்து நிமிடம் நடக்கும் தூரத்தில். பஸ் நிறுத்தம் மட்டும் கரைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது, யார் பராமரிப்பது?

ஆறு நீர்வளத் துறையிடம். தெருவும் சாக்கடையும் குப்பையும் மாநகராட்சியிடம். வீடு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். பட்டா, வருவாய்த் துறையிடம். ஆற்றில் ஒரு மாடு செத்து மிதந்தால் யார் எடுப்பது என்பதற்கே மூன்று அலுவலகம் அலைந்தவன் நான். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள், நாலாம் நாள் தெருக்காரர்களே எடுத்துப் புதைத்தோம். அதனால் கரைக்கு என்று ஒரே பொறுப்பு அதிகாரி, ஒரே தொலைபேசி எண், தனியாக ஒரு பராமரிப்புக் கணக்கு வேண்டும். கடை வாடகையும் வண்டி நிறுத்தக் கட்டணமும் அந்தக் கணக்கிலேயே சேர வேண்டும். கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றிச் செய்தி வருகிறது, பத்து வருடம் பெருக்குவதற்கான பணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

நாங்கள் என்ன செய்ய முடியும்?

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். 2022இலிருந்து வார்டுகளில் பகுதி சபை கூட்டுகிறார்கள். கவுன்சிலர் முன்னால் பேசினதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். திட்ட அறிக்கையும் வரைபடமும் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். வரைபடம் கிடைத்ததும் மேலிருந்து பார்த்த படத்தோடு நின்றுவிடாமல், கரையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசல், சாலை, சுவர், படி, மணல் எல்லாம் எந்தெந்த உயரத்தில் இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும். 1993இல் தண்ணீர் ஏறிய மட்டத்தை அதில் கோடாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் வயதானவர்கள் இருந்தால் அந்த மட்டத்தை எந்த வீட்டுச் சுவரில் பார்த்தார்கள் என்று இப்போதே கேட்டுச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவையுங்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் போட்டிருக்கிறோம். மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்தன.